பார்த்துக் கேட்ட காது

பிறந்ததிலிருந்தே எனக்குக் காது மந்தம். மெஷின் மாட்டி, பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பிளஸ் டூ முடித்தேன். பொழுது சாய்ந்தால் தடுக்கி விழுவேன். மாலைக்கண் என்று அம்மா முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாக ஆக்கிப் போட்டது.

27 வயதில் சேலத்துக் கண் டாக்டர் ஒருவர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, "காதும் கேக்காதா? அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். அம்மா கட்டியது தாய்மாமனை. பாலக்கோடு பக்கம் இது அதிசயமில்லை. அஷர் சிண்ட்ரோம், அதாவது காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும் பரம்பரை நோய் என்றார். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுக் குறை ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 வாய்ப்பு. அண்ணன் தப்பித்தான்.

பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோலச் சுருங்கியதும் உதடு நழுவியது. கண் போகப் போக, காதும் இரண்டாம் முறை போனது. காக்ளியர் இம்ப்ளாண்ட் யோசனை அப்போதுதான் வந்தது. ஆபரேஷன் செய்து உள்காதில் ஒரு பகுதியை வைப்பார்கள், வெளியே ஒரு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டில் இது சின்னக் குழந்தைகளுக்குத்தான். என் செலவுக்காக எங்கள் புளியமரத் தோப்பில் பாதியை விற்றோம். சிடி, எம்ஆர்ஐ, மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோனியா தடுப்பூசி எல்லாம் வரிசையாக நடந்தன. ஆஸ்பத்திரியில் யாருக்கும் என் கண்ணைப் பற்றி நினைப்பே இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டே விளக்கினார்கள்! வீட்டுக்காரர் என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். தியேட்டருக்குள் போகுமுன் நர்ஸிடமும் சொல்லிவைத்தார்: தோளில் இரண்டு தட்டு என்றால் ஆபரேஷன் முடிந்தது.

அடுத்த வாரம் முழுக்கத் தலைசுற்றல். மற்றவர்கள் கண்ணை வைத்துச் சமாளிப்பார்களாம். நான் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன்.

மூன்று வாரம் கழித்து கருவியை ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டியதுபோல ஒரு சத்தம். அது மகள் பேசியதாம். அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. மேப்பிங் (கருவியின் சத்த அளவை என் காதுக்கு ஏற்பச் சரிசெய்வது), தினமும் ஒரு மணி நேரம் கேட்கும் பயிற்சி என்று நான்கு மாதம் போன பிறகுதான் 'பால்', 'வால்' பிரிந்தது.

என்னைப் போன்றவர்கள் கருவி வாங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சார்ஜ் குறைவு என்பார்கள். நமக்கு அது எதற்கு? பீப் சத்தம் வருகிறதா, அதிர்கிறதா என்று கேளுங்கள். கறுப்பு வாங்காதீர்கள், தரையில் விழுந்தால் தேட முடியாது.

ஒரே காதில் வைத்ததால் சத்தம் வரும் திசை தெரிவதில்லை. பஸ் ஸ்டாண்டில் இன்னும் தனியாக ரோடு தாண்டுவதில்லை. முன்பெல்லாம் கரண்ட் போனால் மகள் செல்போன் டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டுதான் பேசுவாள். இப்போது இருட்டிலேயே குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அடுப்படிப் பக்கம் இருக்கேன்."