நானா, அவர்களா?

பெல்கிரேடில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில், செர்போ-குரோவேஷிய மொழியின் வினைச்சொற்களுள் என்னை மிகவும் சோதித்தது ‘மொச்சி’. ‘இயலுதல்’ என்பது அதன் பொருள். நிகழ்காலத்தில் அது மொகு, மொஜெஷ், மொஜெ, மொஜெமொ, மொஜெதெ, மொகு என்று திரியும். முதல் வடிவமும் கடைசி வடிவமும் ஒன்றே; ‘என்னால் முடியும்’ என்பதற்கும் ‘அவர்களால் முடியும்’ என்பதற்கும் அதே ‘மொகு’தான். பழைய ஸ்லாவிய மொழியில் இவ்விரு இடங்களிலும் ஒலித்த மூக்கின உயிர் பிற்காலத்தில் ‘உ’ ஆகிவிட்டதே இதற்குக் காரணம். ஏனைய வினைகள் தன்மை ஒருமைக்கு ‘ம்’ விகுதியை ஏற்றுக்கொண்டன. இன்றைய பொதுவழக்கில் பழைய ஈற்றை விடாதவை ‘மொகு’வும், ‘விரும்புகிறேன்’ என்னும் பொருளுடைய ‘ஹொச்சு’வும் மட்டுமே.

நம்மைப் போலவே அவர்களும் ‘நான்’, ‘அவர்கள்’ என்பவற்றைச் சொல்லாமலே பேசுவார்கள். விகுதியே ஆளைக் காட்டிவிடும். ‘மொகு’வில் அந்த உதவி கிடைப்பதில்லை. பெல்கிரேடு வழக்கில் இதனால் பெரிய இடர் நேராது. அங்கே ‘மொகு தா தோஜெம்’ என்றால் நான் வர முடியும், ‘மொகு தா தோஜு’ என்றால் அவர்கள் வர முடியும். இரண்டாம் வினை குழப்பத்தைத் தீர்த்துவிடும். குரோவேஷியத் தலைநகரான ஸாக்ரெபில் ‘மொகு தோச்சி’ என்று, ஆளைக் காட்டாத, வினையெச்சம் போன்ற வடிவத்தை வைத்து எழுதுவதே பெருவழக்கு.

அப்படி ஸாக்ரெபிலிருந்து ஒரு பொறியாளர் அனுப்பிய கடிதத்தில், தம் வேலை முடிந்தது, பொருத்துநர்களும் ஓய்வாக இருக்கிறார்கள் என்பதற்குப் பின், ‘சுத்ரா மொகு தோச்சி’ என்று இருந்தது. ‘நாளை என்னால் வர முடியும்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆலையின் வாயிலில் கருவிப் பெட்டிகளோடு பொருத்துநர்கள் நால்வர் நின்றார்கள். அனுமதிச் சீட்டு பொறியாளர் ஒருவர் பெயருக்கே எழுதப்பட்டிருந்தது. ஜனவரிக் குளிரில் அவர்கள் காத்திருந்த இரண்டு மணி நேரமும் என் ஒரு சொல்லால் நேர்ந்தது என்பது இன்றும் உறுத்துகிறது.

இறந்தகாலம் இவ்வாறு ஏமாற்றுவதில்லை. பெண்ணாகிய நான் ‘மொக்லா சம்’ என்பேன். அந்த நால்வரோ ‘மொக்லி சு’ என்பார்கள். பாலும் எண்ணும் அங்கே வெளிப்படை. தமிழில் ‘முடிந்தது’ என்பது இவை எதையும் காட்டாது. ‘என்னால்’, ‘அவர்களால்’ என்று வெளியே நின்றுதான் சொல்லவேண்டும். இந்த ‘ஆல்’ உருபைத் தேடும் பழக்கம் அன்று என்னிடம் விழித்திருந்தால் கடிதத்தில் ஆள் குறைவதைக் கண்டிருப்பேன்.

அதன்பின் தனித்து நிற்கும் ‘மொகு’ எதைக் கண்டாலும் ஓரத்தில் பென்சிலால் ‘யா? ஒனி?’ என்று, அதாவது ‘நானா, அவர்களா’ என்று, குறித்துவிட்டு, எழுதியவரைத் தொலைபேசியில் கேட்பேன். பொறியாளரிடமும் அவருடைய அடுத்த கடிதம் வந்தபோது, ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கலாமா என்று தொடங்கினேன். ‘மொஜெ’ என்றார். இதே வினையின் படர்க்கை ஒருமை வடிவம். அங்கே அதற்கு ‘ஆகட்டும்’ என்று பொருள்.