அருவியாற்றோடு நாலு நாள்

செப்டெம்பர் 14, 2024, சனி. மடு

திங்கள் மீலாத் லீவு, செவ்வாய் போயா என்கிற பௌர்ணமி லீவு. நாலு நாள் சேர்ந்து வந்தால் எங்கள் குடும்பம் வீட்டில் இருக்காது. பதினொரு பேர், ஒரு வான், கல்யாண வீட்டுக்குப் போதுமான சட்டி பானை. கிளிநொச்சியில் இருந்து விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடுவதாகப் பேச்சு. ஏழு மணிக்கும் மச்சான் பாய் தேடிக்கொண்டிருந்தார்.

வழி நான் போட்டது. அருவியாற்றைச் செட்டிகுளத்தில் பிடித்து, அது கடலில் விழுகிற அரிப்பு வரைக்கும் போவது. அனுராதபுரப் பக்கம் மல்வத்து ஓயா என்கிற அதே ஆறுதான். 164 கிலோமீற்றர், இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளம். இந்த விசருக்குக் காரணம் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பலோட்டி. 1660இல் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கூட்டாளியோடு வியாபாரி போலத் தப்பி, அனுராதபுரத்துக்குக் கீழே இந்த ஆற்றங்கரைக் காட்டால் நடந்து, 1679 ஒக்டோபர் 18இல் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம், அதாவது டச்சுக்காரரிடம், போய்ச் சேர்ந்தார். “அவன் நடந்தான், நாங்கள் ஏசி வானிலை போறம்” என்று மச்சான் வவுனியா வரைக்கும் நாலு தரம் சொல்லிவிட்டார்.

மெனிக்பாமடியில் வானை நிற்பாட்டினோம். போரில் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த முகாம், சித்தி 2009இல் இருந்த இடம். முகாமை 2012 செப்டெம்பரில் மூடினார்கள். இப்போது கண்ணுக்கெட்டியது பற்றையும் இரண்டு மாடும். பிள்ளைகள் ஆற்றைப் பார்க்க ஓடினார்கள். சித்தி இறங்கவில்லை. யன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, “உதிலைதான் நேரம் பாத்துக் குளிக்க விடுவாங்கள். ஒரு சன்லைற் கட்டியை நூலாலை நாலாய் வெட்டுவம்” என்றா. பிறகு, “சரி, எடு வானை.”

இரவு மடுவில். அறை இருக்கிறது என்று போனில் சொன்னவர்கள் போய் நின்றதும் இல்லை என்றார்கள். எந்த இடம் என்று எழுதி என்ன பயன்? யாத்திரிகர் வீடு ஒன்றில் பாய் விரித்தோம். மச்சானின் பாய்க்கு மவுசு.

செப்டெம்பர் 15, ஞாயிறு. தேக்கம்

காலையில் கோயிலைச் சுற்றி வரும்போது ஒன்று உறைத்தது. ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து மாதா சுரூபத்தை இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்தது 1670இல். ஒன்பது வருடம் கழித்து அதே ஒல்லாந்தரிடம் ஓடிப்போனால்தான் உயிர் என்று நொக்ஸ் இதே காட்டால் இறங்கிப் போகிறார். ஒருவருக்கு ஒளிக்கிற இடம் காடு, மற்றவருக்கு ஒளிக்கிற இடம் கோட்டை. நடுவில் வன்னிமை, வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களின் நாடு. அந்த நாட்டு அதிபதி என்று நொக்ஸ் எழுதிய பெயரைக் கைலாய வன்னியன் என்றே கொள்கிறார்கள். வன்னியனின் ஆட்கள் கண்ணிலும் படாமல்தான் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள்.

குஞ்சுக்குளம் தொங்குபாலத்தில் பிள்ளைகள் துள்ள, பெரியம்மா கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினா. அதை விடுகிறேன். எழுத வேண்டியது தேக்கத்தைப் பற்றி.

பழைய கல்லணை. ஆற்றை மறித்து, தண்ணீரை வாய்க்காலால் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பிவிடுகிறது. செப்டெம்பர் என்றபடியால் ஆறு மெலிந்துதான் கிடந்தது. கல்லும் கல்லும் சேருகிற இடுக்கால் தண்ணீர் நூல் நூலாகக் கசிகிறது. பாசியில் கை வைத்தால் குளிர் முழங்கை வரைக்கும் ஏறும். இரண்டு கரையிலும் மருதமரம். வெளிறிய அடிமரம், வேரெல்லாம் ஆற்றுக்குள். அந்தக் கற்களை ஏற்றி இறக்கியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. குளம் கட்டிய அரசர் பெயருக்கு மட்டும் புத்தகத்தில் பஞ்சமில்லை.

“முதலை இருக்கும், ஆழத்துக்குப் போகாதையுங்கோ” என்றார் ட்றைவர் அண்ணை. ஆழமில்லாத பக்கமாகச் சித்தி இறங்கினா. குறுக்குக்கட்டோடு, கையில் ஒரு முழுச் சன்லைற் கட்டி. கடதாசியைப் பிரித்து மடித்து இடுப்பில் சொருகினா. தலைக்குப் போட்டா, சீலையைத் தோய்த்தா, சும்மா இருந்த கல்லுக்கும் தேய்த்தா. ஆற்றில் சவர்க்காரம் போடக்கூடாது என்று என் மகள் வாயெடுக்க, என் மனிசி ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. பதினொன்றரைக்கு இறங்கியவ ஒன்றரைக்கும் ஏறவில்லை. ட்றைவர் அண்ணை ஹோண் அடித்தார்.

“அடிக்கட்டும்” என்றா சித்தி.

செப்டெம்பர் 16, திங்கள். மன்னார்

ரயர் காற்றுப்போய் முருங்கனில் இரண்டு மணித்தியாலம். கட்டுக்கரைக்குளத்தில் தண்ணீரைவிட வெயில்தான் கூட. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் இந்தப் பக்கம் அகழ்ந்து சுடுமண் உருவங்கள் எடுத்திருக்கிறார்கள். “அப்ப எங்கடை வயலையும் கிண்டலாம்” என்றார் மச்சான்.

பின்னேரம் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, கல்லை மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழிக் கதை. பாலாவியில் கால் நனைத்துவிட்டு, பெரியம்மாவின் சுந்தரர் தேவாரம் முடியும் வரைக்கும் இருந்தோம். அவவின் குரல் இன்னும் கெடவில்லை.

செப்டெம்பர் 17, செவ்வாய். அரிப்பு

முதலில் கடற்கரை மேட்டில் டோரிக் மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801 தொடங்கிக் கட்டியது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். நோர்த்துக்கு இது தெரியாமல் போனது நல்லது. மேட்டைக் கடல் அரித்து அரித்து, சுவர்கள் ஒவ்வொன்றாகக் கீழே போகின்றன. செங்கல் துண்டுகள் சிப்பியோடு சேர்ந்து அலையில் உருளுகின்றன. இப்படியே விட்டால் என் பேரப்பிள்ளைக்குக் காட்டப் படம்தான் மிஞ்சும்.

நொக்ஸ் வந்து சேர்ந்த கோட்டை சின்னது. நான் மனதில் கட்டி வைத்திருந்ததில் கால்வாசியும் இல்லை. இரண்டு மூலையில் கொத்தளம், உள்ளே பற்றை, ஒரு ஆடு. அதன் வாசலில் நின்று முழுக்கதையையும் திரும்பச் சொன்னேன். பிள்ளைகள் ஆட்டைப் பார்த்தார்கள். சித்தி மட்டும் கேட்டா.

“அவனிட்டை வழியிலை ஒருத்தரும் வெளியிலை போற பாஸ் கேக்கேல்லையோ?”

“காட்டுக்குள்ளாலை வந்தவர், சித்தி.”

“நாங்களும் காட்டுக்குள்ளாலைதானே வந்தனாங்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை. மச்சான் ஆட்டுக்கு பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வங்காலைப் பக்கம் திரும்புமுன் பாலத்தில் நின்று கடைசியாக ஆற்றைப் பார்த்தோம். மத்தியானம் நண்டுக் கறி. வானில் ஏறுகிறபோது சித்தி பையைக் கிளறி, கடதாசியில் சுற்றிய மிச்சச் சவர்க்காரத்தை என் மகளிடம் கொடுத்தா. விரல் அகலம்கூட இல்லை.

“வீட்டை போய்க் கை கழுவ வைச்சிரு பிள்ளை. எறிஞ்சுபோடாதை.”