காலியிடம் இல்லாதபோது போய்ப் பார்ப்பது

ஆள் எடுக்காத நேரத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போய் ஒருவரைப் பார்ப்பது வெட்டி வேலை என்பார்கள். எனக்கு உருப்படியான பேச்சு கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்ட நேரத்தில்தான். இண்டர்வியூ என்றால் எதிரே இருப்பவர் நம்மை எடை போட்டுக்கொண்டே இருப்பார், நாமும் வார்த்தையை அளந்து பேசுவோம். காலியிடமே இல்லாதபோது அவருக்கு யாரையும் தேர்ந்தெடுக்கவோ கழிக்கவோ வேண்டியதில்லை. அதனால் மனம் விட்டுப் பேசுகிறார்.

நான் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்துகொண்டு, டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது நிறுவனத்தின் தரவுகளை அலசிக் கணக்குச் சொல்லும் வேலைப் பக்கம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். பழைய சக ஊழியர் ஒருவர் மூலமாக வேறொரு நிறுவனத்தின் மேனேஜருக்கு மெயில் போட்டேன். "உங்கள் டீமில் இப்போது காலியிடம் இல்லை என்று தெரியும். இந்த வேலைக்கு மாற யோசிக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள 20 நிமிடம் பேச முடியுமா?" அவ்வளவுதான். ரெஸ்யூமே இணைக்கவில்லை. இணைத்திருந்தால் ஹெச்ஆருக்கு ஃபார்வர்டு ஆகி, கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வரச் சொன்னார். "ஒரு சாதாரண நாள் உங்களுக்கு எப்படிப் போகும் மேடம்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஒரே மாத விற்பனைக்கு மூன்று பிரிவுகள் அனுப்பிய மூன்று எக்செல் ஷீட். மூன்றிலும் மொத்தத் தொகை வேறு வேறு. ஒருவர் ஆர்டர் வந்த தேதியை வைத்துக் கணக்கிட்டிருந்தார், இன்னொருவர் பில் போட்ட தேதியை, மூன்றாமவர் திரும்பி வந்த சரக்கைக் கழிக்கவே இல்லை. "இதை நேர் பண்றதுதான் எங்க பாதி நாள் வேலை. சார்ட் போடுறதெல்லாம் கடைசி அரை மணி நேரம். நீங்க முதல்ல எஸ்கியூஎல் கத்துக்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். எஸ்கியூஎல் என்பது சேமித்து வைத்த தரவிலிருந்து வேண்டியதை எடுக்க உதவும் கணினி மொழி. அதே மாதிரி வேலைக்கு நான் படித்திருந்த விளம்பரங்களிலெல்லாம் மெஷின் லேர்னிங் (தரவைக் காட்டிக் கணினியைப் பழக்கும் நுட்பம்) முதல் வரியில் இருந்தது. எந்த கோர்ஸுக்குப் பணம் கட்டுவது என்ற குழப்பம் அன்றோடு தீர்ந்தது.

யோசனை மட்டுமல்ல, வேலையும் இப்படி ஓரளவே அறிமுகமானவர்கள் வழியாக வருவது தற்செயல் அல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 100-க்குச் சுமார் 17 பேர்தான். சுமார் 56 பேர் எப்போதாவது என்றார்கள், சுமார் 28 பேர் அரிதாக என்றார்கள். காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; புதுச் சேதி வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வரும்.

அலுவலகத்துக்குள் காலியிடம் உருவாகும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார், அல்லது புது வாடிக்கையாளர் வருகிறார். மேனேஜர் ஓர் ஆள் வேண்டும் என்று மேலே எழுதுகிறார். நிதிப் பிரிவு பட்ஜெட்டைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் விளம்பரம். இந்த இடைவெளியில் மேனேஜர் டீமில் கேட்பார்: "யாராவது தெரியுமா?" அப்போது அவர் நினைவில் நம் முகம் இருந்தால் உண்டு. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் அரசு வேலைக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே உள்ளே ஆள் பிடிக்கப் போனால் இருக்கிற வாய்ப்பும் போய்விடலாம்.

"வேலை கேட்டு வரவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று நடிப்பதும் எனக்குப் பிடிக்காது. எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்கும் தெரியும். மாறும் எண்ணம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பேச்சை வேலையைப் பற்றியே வைத்துக்கொண்டால் போதும். கடைசி நிமிடத்தில் "ஏதாவது இருந்தால் பார்த்துச் செய்யுங்க மேடம்" என்று இழுத்தால், அதுவரை இயல்பாகப் பேசியவர் மறுக்க வேண்டிய சங்கடத்துக்கு ஆளாவார். அதற்குப் பதில் "இதைப் பற்றி இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேட்கலாம். மறுநாள் நன்றி சொல்லி ஒரு மெயில். சில மாதம் கழித்து, அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு அதைப் பற்றி நாலு வரி. அதற்கு மேல் போனால் நச்சரிப்பு.

இப்போது என்னையும் சிலர் இப்படிப் பார்க்க வருகிறார்கள். "எந்த வேலையானாலும் பரவாயில்லை சார்" என்பவரை எங்கே பொருத்துவது என்றே எனக்குப் புரிவதில்லை. ஆனால் ஒரு பெண், "உங்க டீம்ல ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருக்கிற வேலை எது சார்?" என்று கேட்டார். பழைய புகார்ப் பதிவுகளை வகை பிரிக்க ஆளில்லாமல் கிடக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கே உறைத்தது. அடுத்த பட்ஜெட்டில் அதற்கென்றே ஓர் ஆள் கேட்டு எழுதினேன், ஒப்புதலும் வந்தது. முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். அதற்குள் வேறிடத்தில் சேர்ந்திருந்தார். ஆனால் தன்னுடன் படித்த ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். அந்த இடத்தில் இப்போது அவர்தான் இருக்கிறார்.