போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷம் ஏன் போதாது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கேரள எல்லையில் இருக்கும் புளியரை, செங்கோட்டைப் பக்கம் எல்லா வீட்டிலும் இருமல். கூடவே இந்தக் கேள்வியும்.

ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டு ஆர்.என்.ஏ., மொத்தம் சுமார் 13,500 எழுத்து. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. பெரும்பாலான பிழை வைரஸுக்கே கேடு. அது அங்கேயே முடிந்துபோகும். ஆனால் வைரஸ் நம் செல்லில் ஒட்ட உதவும் ஹெமக்ளூட்டினின் புரதத்தின் தலையில், ஒட்டும் குழியை ஒட்டி ஒரு அமினோ அமிலம் (புரதத்தின் கண்ணி) மாறினால், வைரஸைப் பிடிக்க நம் உடல் செய்து வைத்த பழைய ஆன்டிபாடிக்குப் பிடி நழுவும். 1968 முதல் 2003 வரை எச்3என்2 என்ற ஃப்ளூ வகையில் நடந்த பெரிய மாற்றங்களுக்குக் காரணம் இந்தப் புரதத்தில் வெறும் 7 இடங்கள்தான்!

கேரளாவில் பறவைக்காய்ச்சல் வந்தால் செக்போஸ்ட்டில் கோழி லாரி டயருக்கு மருந்து அடிப்பது நம்மூர்க் கோழிகளுக்கு நோய் பரவாமல் இருக்க. பறவை வைரஸால் மனிதருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே செல்லில் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் துண்டுகள் கலந்துவிடும். 1968 ஹாங்காங் ஃப்ளூ மனித வைரஸில் 2 பறவைத் துண்டு சேர்ந்து வந்தது.

ஊசிக்கான வகையை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. தயாரிக்க ஆறு மாதம் ஆகும். அதற்குள் வைரஸ் நகர்ந்துவிடலாம். முட்டையில் வளர்க்கும்போதே மாறுவதும் உண்டு, இது எச்3என்2-வின் பழைய தலைவலி. நான்கு வகை ஊசியில் இருந்த பி யமகட்டா என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவில்லை, அதனால் மூன்று வகை வைரஸுக்கான ஊசியே போதும்.

போட்டபின் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஜூன் சாரலுக்கு முன் வேண்டுமென்றால் மே நடுவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எந்த ஆண்டின் வகை என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.