“இதை யார் எண்ணினதும்மா?”

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது 1876-78 பஞ்சம், அதிலும் சேலம் மாவட்டம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதுதான். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கூகுளில் கிடைத்த ஓர் எண்ணை முதல் அத்தியாயத்தில் போட்டுக் கொடுத்தேன். கைடு அதை வட்டமிட்டு, “இதை யார் எண்ணினதும்மா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திரும்பத் தேடினால் ஒரு தளத்தில் 55 லட்சம், இன்னொன்றில் 82 லட்சம், வேறொன்றில் ஒரு கோடியை ஒட்டி. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில் எழுத்துப்பிழைகூட மாறவில்லை. படத்துக்கும் இதே கதி. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் அப்போது எடுத்த படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற பெயரில் சுற்றுகின்றன. பார்த்தபோது மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அந்த மனிதர்களுக்கு ஊரும் காலமும்கூட மிஞ்சவில்லை.

வழி திறந்தது சோத்கங்கா என்ற இணையதளத்தில். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசம். ஆய்வேட்டைப் படிக்கும் முன் அதன் நூற்பட்டியலைப் படியுங்கள், எங்கே தோண்ட வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அப்படித்தான் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்ட மேனுவல் (1883), இந்தப் பஞ்சத்தைப் பற்றி டிக்பி எழுதிய இரண்டு தொகுதிகள் (1878) எல்லாம் தெரியவந்தன, இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைத்தன. தேடும்போது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். திருநெல்வேலி என்று தேடினால் வராது, டின்னெவெல்லி என்றால் வரும்.

அப்புறம் எழும்பூர். கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று போகாதீர்கள். காப்பகத்துக்குக் கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். பக்க எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், நான் விட்ட ஒரே ஒரு பக்க எண்ணுக்காக மறுபடி சேலத்திலிருந்து பஸ் ஏறினேன்.

புத்தகம் கிடைத்தால் மட்டும் போதாது, எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தவர் பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். அது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். இந்தச் சண்டையை விவரிக்கும் டிக்பி பத்திரிகை ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளரும்கூட. அவர் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார் என்று தெரிந்த பிறகுதான் அவரை மேற்கோள் காட்டத் துணிந்தேன்.

சரி, அந்த எண்? 55 லட்சம் என்பது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு மட்டுமான கணக்கு, மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்கள் அதில் சேரவில்லை. கடைசியில் அதை விட்டுவிட்டு சேலத்தின் மக்கள்தொகைக் கணக்கையே எடுத்தேன். 1871-இல் சுமார் 19.67 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். ஊரைவிட்டுப் போனவர்களும் இந்தக் குறைவில் அடக்கம் என்று கீழே குறிப்பும் போட்டேன். இந்த முறை கைடு வட்டமிடவில்லை. அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பாட்டியின் ஊர் தருமபுரி என்றார், அன்றைக்கு அதுவும் சேலம் மாவட்டம்தான்.