பொடுகும் தலை அரிப்பும்: நான்கு வார வீட்டு வைத்தியம்

பொடுகு உதிர ஆரம்பித்ததும் நம் வீடுகளில் கை நேராகத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகிறது. "தலை காஞ்சு போச்சு, எண்ணெய் வை" என்பது பெரியவர்கள் சொல்லும் முதல் யோசனை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்களில் பலருக்குத் தலை காய்வதே இல்லை. வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம், வெளியே போனால் வேர்வை, மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு அதற்கு மேல் ஹெல்மெட். இங்கே வரும் பொடுகில் பெரும்பங்கு வறட்சியால் வருவதில்லை. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்யும், அதைத் தின்று வாழும் மலசேசியா என்ற பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இந்தப் பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு. எண்ணெய்யை உடைத்து அது மிச்சம் வைக்கும் ஓலியிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எரிச்சல் கண்ட தோல் வழக்கத்தைவிட வேகமாகப் புதுத்தோலை உண்டாக்கிப் பழையதைக் கட்டிகட்டியாகத் தள்ளுகிறது. அரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே எண்ணெய்யைக் குறைக்கும் வைத்தியமும் பூஞ்சையை அடக்கும் வைத்தியமும் பலிக்கும். எண்ணெய்யைக் கூட்டும் வைத்தியம் இரண்டு நாள் ஆறுதல் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் அரிப்பைத் திருப்பிக் கொண்டுவரும்.

தொடங்கும் முன் அது பொடுகுதானா என்று பார்த்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரை வகிடு பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொடுகு என்றால் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ செதிள் இருக்கும், தட்டினால் விழும். முடியில் ஒட்டிக்கொண்டு, நகத்தால் இழுத்தாலும் சுலபமாக வராத புள்ளிகள் ஈர், அதாவது பேன் முட்டை. அதற்குப் பேன் வைத்தியம்தான். மினுமினுப்பான தடித்த செதிள் நெற்றி ஓரத்தைத் தாண்டி இறங்கி, முழங்கையிலும் முட்டியிலும் அதே மாதிரி இருந்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் முடி உடைந்து திட்டுத்திட்டாகச் சொட்டை விழுந்தால் அது தலைப் படர்தாமரை. அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும், மேலே எதைப் பூசியும் போகாது. முடிச்சாயம் போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் அரிப்பெடுத்து, காதோரம் சிவந்து வீங்கினால் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

பொடுகுதான் என்று தெரிந்துவிட்டால் முதல் மருந்து கழுவுவது. பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்று எண்ணெய்க் குளியலுக்கு ஒரு கணக்கு உண்டு. பொடுகு இருக்கும் தலையை அந்த நாள்களில் மட்டும் கழுவினால் இந்தச் சூட்டுக்குப் போதாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிதமான ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். நாள் முழுக்க ஹெல்மெட்டோ பாதுகாப்புத் தொப்பியோ போடுகிறவர்கள் தினமுமே கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீர், சுடக்கூடாது. முதல் தடவை போடும் ஷாம்பு அழுக்கையும் எண்ணெய்யையும் எடுக்கும், நுரைகூடச் சரியாக வராது. இரண்டாவது தடவை போட்டதுதான் தோலைத் தொடும். அதை மூன்று நிமிடம் விட்டு, விரல் நுனியால் தேய்த்து அலசுங்கள். நகம் படவே கூடாது, கீறிய இடத்தில் அடுத்து எதைப் பூசினாலும் எரியும். பின்கழுத்து, காதுக்குப் பின்புறம், உச்சி ஆகிய மூன்று இடங்களிலும் நுரை தங்கிப்போகிறது. காய்ந்த நுரையும் செதிளாக உதிரும், அதையும் பொடுகென்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் நிறையப் பேர்.

எண்ணெய்யை அறவே விட வேண்டியதில்லை, அதன் வேலையை மாற்றினால் போதும். தோளளவு முடிக்கு இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்யைச் செதிள் படிந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்து, அரை மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். கெட்டியாக ஒட்டிய செதிளை அது இளக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கலாம். இரவெல்லாம் ஊற விடுவதையும், காலையில் தலைக்கு வைத்துப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போவதையும் இந்த நான்கு வாரம் நிறுத்திவையுங்கள். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் வேண்டாம். இரண்டிலும் ஓலியிக் அமிலம் அதிகம், பொடுகுத் தலைக்கு ஏற்கனவே தொல்லை கொடுப்பதும் அதுதான்.

இனி மருந்துகளுக்கு வருவோம். வீட்டுப் பொருள்களில் எங்களுக்கு அதிக நம்பிக்கை உள்ளது தேன். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட பொடுகும் தோல் அழற்சியும் இருந்த 30 பேருக்கு, 90 விழுக்காடு தேனில் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, மூன்று மணி நேரம் வைத்துக் கழுவினார்கள். ஒரு வாரத்தில் அரிப்பும் செதிளும் அடங்கின. நான்கு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு தடவை தொடர்ந்தவர்களுக்கு ஆறு மாதம்வரை பொடுகு திரும்பவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வீட்டில் அப்படியே செய்யக்கூடிய அளவுகளைக் கொடுத்திருக்கிறது.

ஒன்பது தேக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். குட்டை முடிக்கு இதில் பாதி போதும். தலையை முதலில் ஈரமாக்கிக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முடி நீளத்துக்கு இழுத்தால் சிக்கு விழும். ஷவர் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நெற்றியில் வழியும். எறும்புக்கும் அதுதான் காவல்: தேன் தலையோடு சோபாவில் சாய்ந்தால் எறும்பு வரிசை கட்டும், குளியலறைத் தரையையும் கடைசியில் நன்றாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். தண்ணீர் கலந்த தேன் இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும், ஆகவே அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கெலுலுட் என்ற கொடுக்கில்லாத தேனீயின் தேன் இயல்பிலேயே நீர்த்திருக்கும், அதற்குத் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. விலை அதிகமான தேனைத் தேட வேண்டியதில்லை, சர்க்கரைப் பாகு கலக்காத எந்தத் தேனும் ஆகும்.

தேனின் பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்கு டீ ட்ரீ எண்ணெய், ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. 2002-ல் ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் 5 விழுக்காடு டீ ட்ரீ ஷாம்புவை நான்கு வாரம் சோதித்தபோது பொடுகு 41 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களுக்கு 11 விழுக்காடு. வீட்டில் அந்த அளவைக் கொண்டுவர 10 மில்லி ஷாம்புவுக்கு அரை மில்லி, அதாவது ஏறக்குறைய பத்துச் சொட்டு. உள்ளங்கையில் கலந்து தேய்த்து, மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். சொட்டைக் கூட்டினால் பலன் கூடாது, தோல்தான் வெந்துபோகும். நேரடியாகத் தலையில் ஊற்றவே கூடாது. போத்தலைத் திறந்து பல மாதம் வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்த எண்ணெய் காற்றுப்பட்டு மாறி, ஒவ்வாமையை உண்டாக்கும். பாதிப் போத்தல் மிச்சமிருக்கிறதே என்று பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். முதல் தடவைக்கு முன் முழங்கை மடிப்பில் ஷாம்பு கலவையைச் சிறிது தடவிக் கழுவி, இரண்டு நாள் பார்ப்பது அவசியம். பூனை வளர்க்கும் வீட்டில் போத்தலை மூடிப் பத்திரமாக வையுங்கள், அது பூனைக்கு நஞ்சு.

கற்றாழையும் வெந்தயமும் அரிப்பைத் தணிக்கும், குளிர்ச்சி தரும், ஆனால் பூஞ்சைக்கு எதிராக இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். தேன் வைக்காத நாளில் இரண்டில் ஒன்றை மட்டும், நான்கு வாரமும் மாற்றாமல், சேர்த்துக்கொள்ளலாம். கற்றாழை மடலை வெட்டியதும் அடியைக் கீழே வைத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். மஞ்சளாக வடியும் பால் தோலை அரிக்கும், அதைக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். பலர் "கற்றாழை எனக்கு ஒத்துக்காது" என்று சொல்வது இந்தப் பாலைக் கழுவாததால்தான். வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு கப் தண்ணீரில் இரவு ஊற வைக்கும்போது குளிர்பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் விடிவதற்குள் நாற்றம் எடுக்கும். அரைத்த விழுதை அப்படியே தலையில் அப்பினால் திப்பி முடியில் சிக்கி, காய்ந்து, பொடுகைவிட மோசமாக உதிரும். மெல்லிய துணியில் பிழிந்து வரும் கொழகொழப்பை மட்டும் இருபது நிமிடம் பூசிக் கழுவுங்கள். கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்தயத்தை விட்டுவிடுவது நல்லது.

வேப்பிலை இரண்டு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கடைசி அலசலுக்கு ஊற்றலாம். வேப்பெண்ணெய் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கத்தால், வாந்தியும் மயக்கமும் வந்து மூளை பாதிக்கப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-ல் எழுதினார்கள். தலைக்கென்று வாங்கிய வேப்பெண்ணெய் பிள்ளைகளின் கைக்கோ வாய்க்கோ எட்டக்கூடாது.

எலுமிச்சை வேண்டாம். சாறு மிகவும் புளிப்பு, கீறல் பட்ட தலையில் நெருப்பாக எரியும். அதைவிடக் கெடுதல் வெயிலில் நடக்கிறது: எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பி, நெற்றியிலும் காதிலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். லீமாவ் நிப்பிஸ் என்ற பச்சை எலுமிச்சையும் இதில்தான் சேரும். பூண்டு விழுது தோலைப் புண்ணாக்கிவிடும். ஆப்ப சோடா காரத்தன்மை உள்ளது, அது தலைத்தோலின் இயல்பான அமிலத் தன்மையைக் கெடுக்கும். சின்ன வெங்காயச் சாற்றை எரிச்சல் உள்ள தலையில் வைப்பதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தயிர் கெடுதல் செய்யாது, பலனும் சொல்லும்படி இல்லை, கழுவியும் வாடை போகாது. ஆப்பிள் வினிகர் ஒரு மேசைக்கரண்டியை ஒரு கப் தண்ணீரில் கலந்து அலசினால் பிசுக்கு போகும், அதோடு சரி.

ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் நான்கு வாரம் அதிலேயே இருங்கள். திங்கள் தேன், புதன் வினிகர், வெள்ளி வெந்தயம் என்று மாற்றிக்கொண்டே போனால் எது உதவியது, எது எரித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதல் வாரம் அரிப்பு குறையும், செதிளோ கூடினமாதிரி தெரியும். ஒட்டியிருந்தது இளகி விழுவதுதான் அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் வாரம் தலை சிவப்பு குறைய வேண்டும். நான்காம் வாரம் முடிந்தும் பாதியாவது குறையவில்லை என்றால் அந்த வைத்தியம் உங்கள் தலைக்கு ஆகவில்லை. குறைந்திருந்தால் வாரம் ஒரு தடவைக்கு இறக்குங்கள், நிறுத்த வேண்டாம். பூஞ்சை தலையில்தான் குடியிருக்கிறது, விட்டால் திரும்ப வளரும்.

இதற்கிடையில் சீப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஹெல்மெட் உள்துணி கழற்ற முடிந்தால் துவைத்து வெயிலில் காய வையுங்கள். மழையில் நனைந்த ஹெல்மெட்டை அப்படியே மோட்டார் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் மறுநாள் அதே ஈரத்தைத் தலையில் மாட்டிக்கொள்கிறீர்கள். ராத்திரி குளித்துவிட்டு ஈர முடியைக் கொண்டை போட்டுப் படுப்பதும் அப்படித்தான். மின்விசிறிக்கு முன் உட்கார்ந்து வேர்வரை காய விடுங்கள்.

ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாட்டு மருந்துச் சாமான்கள் எளிதாகக் கிடைக்கும். பொருளைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் கலப்பதுதான் நல்லது. பொடுகைக் குணமாக்கும் மருந்தென்று தயாராக விற்கும் தைலம் வாங்கினால், போத்தலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பெயரோ எண்ணோ இல்லாத போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வீட்டு வைத்தியம் எடுபடாவிட்டால் பார்மசியில் பூஞ்சையை அடக்கும் 2 விழுக்காடு கெட்டோகோனசோல் ஷாம்பு கேளுங்கள். வாரம் இரண்டு தடவை, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைத்து, இரண்டிலிருந்து நான்கு வாரம். கர்ப்பிணிகள் பார்மசிஸ்டிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். தலையில் நீர் வடிந்தாலோ, வலித்தாலோ, முடி திட்டாகக் கொட்டினாலோ, புருவமும் மூக்கோரமும் சிவந்து செதிள் விட்டாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்), தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே எதையும் பூசாதீர்கள், செதிள் இருந்தால்தான் மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியும். இதுவரை தலையில் வைத்த எல்லாவற்றையும், முடிச்சாயம் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.