சுவிட்ச் செய்முறைத் தேர்வு: நேர ஒத்திசைவை முதலில் எழுதுங்கள்

நெட்வொர்க் சுவிட்சுகளை அமைத்துக் காட்டும் செய்முறைத் தேர்வின் முடிவு நேற்று வந்தது. இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முயற்சியில் என்னை வீழ்த்தியது விலானோ (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) ட்ரங்கோ (அவற்றை ஒரே இணைப்பில் அடுத்த சுவிட்சுக்குக் கொண்டுசெல்வது) அல்ல, எளிதுதானே என்று கடைசிக்கு ஒதுக்கிவைத்த என்டிபி, அதாவது சுவிட்சின் கடிகாரத்தை ஒரு சர்வரோடு ஒத்திசைக்கும் நெறிமுறை. எனவே அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அன்று பன்னிரண்டு நிமிடங்கள் மீதமிருந்தபோது, நேரம் தரும் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டு, அதனுடனான தொடர்பின் நிலையைக் காட்டும் "ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்" கட்டளையை இட்டேன். ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்பது) 16, அதாவது இன்னும் ஒத்திசையவில்லை, ரீச் 0 என்று வந்தது. அரை நிமிடம் கழித்தும் அதே நிலைதான். எங்கோ தவறிவிட்டேன் என்று பதறி அந்த வரியை நீக்கி மீண்டும் எழுதினேன், பிறகு சோர்ஸ் இன்டர்ஃபேஸை (வினவல்கள் எந்த முகவரியிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை) மாற்றினேன், மீண்டும் நீக்கினேன். வரியை நீக்கிய ஒவ்வொரு முறையும், அதுவரை சேர்ந்திருந்த பதில்களின் கணக்கை நானே அழித்துக்கொண்டிருந்தேன் என்பது தேர்வு முடிந்த பிறகே விளங்கியது.

ரீச் என்பது சர்வரிடம் அனுப்பிய கடைசி எட்டு வினவல்களுக்குப் பதில் வந்ததா என்பதை, எட்டை அடியாகக் கொண்ட எண்ம (ஆக்டல்) முறையில் காட்டும் எண். எல்லாப் பதில்களும் வந்தால் 1, 3, 7, 17, 37 என்று ஏறி 377இல் நிற்கும். வினவல் இடைவெளி 64 விநாடி என்றால், அதை எட்டவே எட்டு நிமிடங்கள் ஆகலாம். சர்வர் தேர்வாகிவிட்டதைக் காட்டும் நட்சத்திரக்குறி பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும் என்றாலும், கட்டளையிட்ட மறுகணமே வருவதில்லை.

ஆகவே இரண்டாம் முறை மேனேஜ்மென்ட் விலானுக்கு (சுவிட்சை நிர்வகிக்கும் விலான்) ஐபி முகவரி, டிஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாயில்), இணைப்பைச் சோதிக்க ஒரு பிங் ஆகியவற்றை முடித்த கையோடு என்டிபியை எழுதிவிட்டு, வேண்டுமென்றே வேறு சுவிட்சுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முகவரிக்கு முன்னால் நட்சத்திரக்குறி நின்றது, ரீச் 377. பொறுமைசாலிகளுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் என்னைப் போல் கை துறுதுறுப்பவர்கள் அந்தத் திரையை விட்டு விலகிவிடுவதே நல்லது.

சிஸ்கோ சுவிட்சுகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் கவனிக்க வேண்டியவை:

1. "ஷோ கிளாக்" காட்டும் நேரத்துக்கு முன்னால் நட்சத்திரக்குறி இருந்தால், அந்த நேரம் நம்பத்தக்கதல்ல என்று பொருள். அசோசியேஷன்ஸ் பட்டியலில் அதே குறி நல்ல செய்தி.

2. பிங் போவதை மட்டும் நம்பாதீர்கள். எந்தத் தரவை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் ஆக்சஸ் லிஸ்ட், என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123 போர்ட்டைத் தடுத்தால் ரீச் 0இலேயே நிற்கும்.

3. சர்வர் உண்மையானதுதானா என்று சரிபார்ப்பதற்கான ஆதென்டிகேட், கீ, டிரஸ்டட் கீ ஆகிய மூன்று வரிகளையும் எழுதிவிட்டு, சர்வர் வரியின் முடிவில் கீ எண்ணை விட்டுவிட்டால், சுவிட்ச் சரிபார்க்காமலே ஒத்திசைந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது என்பதால், அசோசியேஷன்ஸ் கட்டளையுடன் "டீடெயில்" சேர்த்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. என்டிபி தருவது யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டுமே. நேர மண்டலத்தைத் தனியே கொடுக்க வேண்டும். லாக் வரிகளில் உள்ளூர் நேரம் கேட்டிருந்தால், சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் வரியில் "லோக்கல்டைம்" சேர்க்க வேண்டும்.

5. ஒரு கருவியையே மற்றவற்றுக்கு நேரம் தரும் சர்வராக்கும் "என்டிபி மாஸ்டர்" கட்டளையை எண்ணின்றிக் கொடுத்தால் ஸ்ட்ராட்டம் 8 ஆகும். அதைப் பின்பற்றும் சுவிட்சில் 9 தெரிவது பிழையல்ல.

கடைசியாக "ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்" முதல் வரியில் "சிங்க்ரனைஸ்டு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கான்ஃபிகரேஷனைச் சேமியுங்கள்.